பூனையின் வாயில் அரக்கு நூல்

என்னைக் கோபக்காரி என்று சொல்கிறவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. சேவூரில் எங்கள் தெருவில் தறிச் சத்தத்தையும் மீறிக் கேட்கிற குரல் என்னுடையதுதான். என் வீட்டுக்காரர் அதற்கு நேர் எதிர். இழை அறுந்தால்கூட அதனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் பிணைக்கிற ஆள். இரண்டு பேரும் ஒரே தறியில் மாறி மாறி உட்கார்ந்து பட்டுச் சேலை நெய்கிறோம். அவர் நெய்த இடம் எது, நான் நெய்த இடம் எது என்று சேலையைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. ஆனால் தெருவில் ஒரு சண்டை என்றால் எங்களில் யார் முன்னால் நிற்பது என்று எல்லாருக்கும் தெரியும்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. காலைப் பூசை முடிந்து கோயிலிலிருந்து வண்டியில் திரும்பிக்கொண்டிருந்தோம். தெரு முனையிலேயே கூச்சல் கேட்டது. எங்கள் வீட்டுக்கும் எதிர்வீட்டுக்கும் நடுவில், மின்கம்பத்துக்கும் சாக்கடைக் கல்லுக்கும் இடையிலிருந்த சந்தில் ஒரு பூனை ஒடுங்கிக் கிடந்தது. அதைச் சுற்றி ஆட்கள். முன்னால் எதிர்வீட்டுக்காரன். சேலையின் நீள நூலைப் பாவு என்போம். அதைத் தெருவில் நீட்டும்போது தாங்கிப் பிடிக்க எல்லார் வீட்டிலும் நீளமான மூங்கில் கழி இருக்கும். அந்தக் கழி அவன் கையில் இருந்தது.

பூனை தெருப்பூனைதான். வெள்ளையில் கறுப்பும் செம்பட்டையும் திட்டுத்திட்டாக இருக்கும். யார் வீட்டதும் இல்லை. கஞ்சி போட்ட பட்டு நூலை எலி விடாது என்பதால், எலி பிடிக்கிற இந்தப் பிராணிக்கு எல்லார் வீட்டிலும் ஒரு கை சோறு விழும். அதற்கு மேல் உறவு கிடையாது. இப்போது அது வாயிலிருந்து கோழையாக ஒழுக விட்டுக்கொண்டு, முன்னங்காலால் தன் முகத்தைத் தானே பிறாண்டிக்கொண்டிருந்தது. கடைவாயிலிருந்து மார்புவரை சிவப்பாக ஒரு கோடு தொங்கியது.

நான் வண்டியிலிருந்து இறங்குவதற்குள் அவன் கழியை ஓங்கி இறக்கிவிட்டான். பாதி கல்லில் விழுந்தது, பாதி அதன் முதுகில் விழுந்தது. பூனை எகிறி அவன் கெண்டைக்காலைக் கவ்விக்கொண்டது. அவன் காலை உதறினான், அது விடவில்லை. பிடரியைப் பிடித்துப் பிய்த்துச் சுவரில் அடித்தான். சத்தென்று கேட்ட அந்தச் சத்தத்தில் எனக்கு எதுவோ பற்றிக்கொண்டது. அவன் மறுபடி கழியைத் தூக்கியபோது நான் குறுக்கே போய் நின்றுவிட்டேன். அடி என் தோளில் இறங்கியது.

தோள் மரத்துப்போனது. நல்லவேளை, மற்றக் கை நன்றாக இருந்தது. அவன் கன்னத்தில் ஒன்று விட்டேன். கழியைப் பிடுங்கி முழங்காலில் வைத்து முறிக்கப் பார்த்தேன். நல்ல மூங்கில், முறியவில்லை. வளைந்து திரும்பி என் தாடையிலேயே அடித்தது. அந்த எரிச்சலுக்கும் சேர்த்து அவனை ஒரு உதை உதைத்தேன்.

"தள்ளு அக்கா. வெறி புடிச்ச பூன அது. ரத்தம் கக்கிகினு கீது, கண்ணு தெர்ல? அது கடிச்சா நாய் மாரி கொலச்சிகினேதான் சாவணும்" என்று அவன் காலைப் பிடித்துக்கொண்டு கத்தினான்.

"நீ கடி வாங்காத அன்னிக்கே கொலச்சிகினுதான்யா கீற" என்றேன்.

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். ஆனால் ஒருவரும் விலகவில்லை. கல், செருப்பு, விறகுக்கட்டை என்று ஆளுக்கொன்று கையில் இருந்தது. வெறி என்ற சொல் காதில் விழுந்துவிட்டால் அப்புறம் யாருக்கும் எதுவும் கேட்காது. நான் பூனையைத் திரும்பிப் பார்த்தேன். அப்போதுதான் கவனித்தேன். ரத்தம் என்றால் காயக் காயக் கறுக்கும். அந்தச் சிவப்புக் கோடு வெயிலில் மினுமினுவென்று இருந்தது. முறுக்கு ஏறிய மினுமினுப்பு.

"கண்ணு அவிஞ்சா போச்சு உங்களுக்கு. பட்டு நெய்யற ஆளுங்கதான நீங்கல்லாம். நல்லா பாருங்க, இது ரத்தமா, நூலா?" என்று கேட்டேன்.

யாரும் குனிந்து பார்க்கவில்லை. நான் என் வீட்டுக்காரர் தோளிலிருந்த துண்டை உருவிப் பூனைமேல் போட்டு அமுக்கினேன். அது துண்டுக்குள்ளிருந்தே என் மணிக்கட்டைக் கிழித்தது. பூசைக்குக் கட்டிய சேலையோடு, ரத்தம் சொட்டச் சொட்ட, அதை வீட்டுக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்தினேன். வெளியே கதவில் ஒரு கல் வந்து விழுந்தது.

என் வீட்டுக்காரர் பூனையின் வாயைத் திறந்து பார்த்தார். அரக்கு நிறப் பட்டு நூல். நாக்குக்கு அடியில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு, ஒரு முனை வெளியே, மற்ற முனை தொண்டைக்குள்ளே. உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று தெரியவில்லை.

எங்கள் தெருவில் யாரும் கடையில் சணலோ நூலோ வாங்குவது கிடையாது. தறியில் மிச்சப்படும் பட்டு நூல் கைக்கு எட்டுகிற இடத்திலெல்லாம் கிடக்கும். பூ கட்ட அதுதான், உப்புப் பொட்டலத்தைக் கட்ட அதுதான். ஞாயிற்றுக்கிழமை பாகற்காயைக் கீறிக் கொத்துக்கறி அடைத்து வாய் பிரியாமல் சுற்றிக் கட்டவும் அதுதான். சாப்பிடும்போது நூலைப் பிரித்துத் தட்டோரம் போடுவோம். அது எச்சிலோடு சேர்ந்து குப்பைக்குப் போகும். கறிச்சாறு ஊறிய நூலைப் பூனை விடுமா. போன வாரத்துக் குப்பையாக இருக்க வேண்டும்.

யார் வீட்டு நூல் என்பதும் எனக்குத் தெரிந்துவிட்டது. எந்தத் தறியில் என்ன நிறம் ஓடுகிறது என்பது தெருவுக்கே தெரிந்த விஷயம். எங்கள் தறியில் அப்போது பச்சை. அரக்கு ஓடியது எதிர்வீட்டில். அவன் வீட்டு நூலைத் தின்றுவிட்டுத்தான் அவன் கையிலேயே அடி வாங்கியிருக்கிறது. போய் அவன் சட்டையைப் பிடிக்கலாம் என்று எழுந்தேன். வீட்டுக்காரர் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"நீ கெட்டியா புடிச்சிக்க. நான் நைசா இஸ்துடறேன்" என்றார்.

"வருமா?"

"ஆயிரம் இழையில சிக்கு எடுக்கறவன் நான். ஒத்த இழை வராதா?"

அவர் விரலை எனக்குத் தெரியும். எங்கே இடிக்கிறது, எங்கே விடுகிறது என்று நூலே அவரிடம் சொல்லும். நாக்கடிச் சுற்றை நெகிழ்த்தி, நூலை விரலில் சுற்றிக்கொண்டு, அவசரமே இல்லாமல் இழுத்தார். கொஞ்சம் வந்தது. பூனை போட்ட கத்தலில் என் காது அடைத்துப்போனது. அது கத்தல்கூட இல்லை. பிள்ளைப் பேற்றில் நான் போட்ட சத்தம் மாதிரி இருந்தது. பின்னங்கால் நகங்கள் என் தொடையில் புடவையோடு சேர்த்து இறங்கின. அவர் கை அவ்வளவு பொறுமையாக இருந்தது. மறுபடி கொஞ்சம் இழுத்தார். கத்தலோடு பூனை கக்கியது. கோழையில் இந்தத் தடவை நிஜமாகவே ரத்தம் இருந்தது.

"வுடுங்க. கைய எடுங்க" என்று அவர் கையைத் தட்டிவிட்டேன்.

"வந்துகினு தானே கீது" என்றார், பாவம், புரியாமல்.

அரசு கால்நடை ஆஸ்பத்திரி ஞாயிற்றுக்கிழமை பூட்டியிருக்கும். சேத்துப்பட்டு போகிற சாலையில் ஓய்வு பெற்ற மாட்டு டாக்டர் ஒருவர் வீட்டிலேயே வைத்தியம் பார்க்கிறார் என்று தெரியும். பூனையைக் கோணிப்பைக்குள் போட்டு, வாய்க்கட்டைக் கையில் இறுக்கிக்கொண்டு அவருக்குப் பின்னால் வண்டியில் ஏறினேன். தெருவில் கூட்டம் கலையவில்லை. எதிர்வீட்டுக்காரன் காலைக் கழுவிக்கொண்டிருந்தான். அவன் மனைவி தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவள் மட்டும் என்னைப் பார்த்து, போங்க என்பதுபோல் தலையை அசைத்தாள்.

டாக்டர் வாசலில் இரண்டு ஆடுகள், ஒரு கன்றுக்குட்டி. பையைத் திறந்ததும் அவர் முகம் சுளித்தார்.

"பூனையா. நான் மாடு பாக்கறவன்மா. வேலூர் கொண்டு போங்க."

"போற வழியிலயே செத்துடும்ங்க. நீங்க பாக்கலைன்னா இத்த உங்க வாசல்லயே வெச்சிட்டு நானும் குந்திக்குவேன்" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். தாடை வீங்கி, புடவை கிழிந்து, மணிக்கட்டில் ரத்தம். அதற்குமேல் வாதாடவில்லை. வாயைத் திறந்து பார்த்தவர் கை அப்படியே நின்றது.

"யார் இழுத்தது?"

என் வீட்டுக்காரர், "நான்தாங்க. மெதுவாத்தான் இழுத்தேன்" என்றார்.

டாக்டர் மேசையில் ஓங்கி ஒரு அறை அறைந்தார். "அறிவிருக்கா. குடல்ல மாட்டின நூலை எவனாவது இழுப்பானா. உள்ள குடல் அறுந்து போகும்யா. ரம்பம் மாதிரி அறுக்கும். சாதா நூலா இருந்தா நீ இழுத்த இழுப்புக்கு அறுந்திருக்கும், பூனை தப்பிச்சிருக்கும். இது என்ன நூலு, அறவே மாட்டேங்குது?"

"பட்டுங்க" என்றார் இவர். "ரெட்டை முறுக்கு. எங்களது அறாதுங்க." சொன்ன கையோடு வெளியே போய் ஆட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார். எனக்கு அவர்மேல் கோபமும் வந்தது, ஐயோ பாவம் என்றும் இருந்தது.

டாக்டர் மயக்க ஊசி போட்டார். காலைப் பிடிக்க ஆள் இல்லை, நான்தான் பிடித்தேன். அடிவயிற்றில் மயிரை வழித்து, கத்தியை வைத்துக் கீறினார். பாவாடை நாடாவை இழுத்தால் துணி சுருங்கி ஒன்றோடொன்று கூடுமே, அதுபோல் அந்தச் சின்னக் குடல் முழுக்க நூலில் சுருங்கிக் கிடந்தது. ஒரு இடத்தில் நூல் குடலைப் பாதி அறுத்திருந்தது. அவர் திட்டிக்கொண்டே வெட்டினார், எடுத்தார், தைத்தார். என்னைத் திட்டினார், என் வீட்டுக்காரரைத் திட்டினார், எங்கள் ஊர்ப் பட்டைத் திட்டினார். எடுத்து எடுத்துத் தட்டில் போட்ட நூலைக் கழுவினால் இன்னும் நெய்யலாம், அப்படி இருந்தது.

"பொழைக்கும்னு சொல்ல மாட்டேன். ராத்திரி தாண்டுச்சுன்னா பாக்கலாம். நீங்க ரெண்டு பேரும் கவர்மென்ட் ஆஸ்பத்திரி போய் ஊசி போட்டுக்குங்க" என்று கை கழுவினார்.

ராத்திரி தாண்டியது. காலையில், கால் தொங்கவிட்டு நெய்கிற எங்கள் தறிக்குழிக்குப் பக்கத்தில், கூடைக்குள், கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துச் சீறியது. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அன்றைக்கே எதிர்வீட்டுக்காரன் வாசலில் வந்து நின்றான். காலில் கட்டு. முகம் செத்துப்போயிருந்தது.

"அது கீதா?" என்றான்.

"எது?"

"பூன."

"இன்னாத்துக்கு, மிச்சம் வெச்சத முடிக்கவா?"

ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவனுக்கு ஊசி போட்டுவிட்டு, கடித்த பூனையைப் பத்து நாள் பார்த்துக்கொண்டே இருக்கச் சொல்லியிருக்கிறாள். பத்து நாளில் அது செத்தால் உடனே வந்து சொல்லணும், நன்றாக இருந்தால் அதற்கு வெறி இல்லை என்று அர்த்தம். அவனுக்கு நூல் கதையெல்லாம் ஏறவில்லை. டாக்டர் எடுத்த நூலை அவன் மூஞ்சிக்கு எதிரே ஆட்டினேன். "பாருய்யா, உன் வூட்டு அரக்கு." பார்த்தான். அப்புறமும், "செத்துடாம பாத்துக்க அக்கா" என்றான். நேற்று சுவரில் அடித்தவன். எனக்கு வந்த வெறியில் அந்த நூலாலேயே அவன் கழுத்தை இறுக்கியிருப்பேன். "மீன் கொண்டாந்து குடு. அதுக்கு ஆக்கிப்போட எங்கிட்ட துட்டு இல்ல" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

மீனை அவன் கொண்டுவரவில்லை, அவன் மனைவி கொண்டுவந்தாள். தினமும் முள் எடுத்து, பிசைந்து, தண்ணீராக்கி ஒரு கிண்ணத்தில். என்னைவிடப் பத்து வயது சின்னவள். அந்த வீட்டில் நல்ல நெசவுக்காரி அவள்தான். அவன் பேச்சில் நெய்கிறவன். என் கையால் ஒரு சொட்டு இறக்க வேண்டுமானால் பூனைக்கும் எனக்கும் யுத்தமே நடக்கும். கோணியில் சுற்றி, தலையை அமுக்கி, ஊசிக்குழலால் வாயோரம் பீய்ச்ச வேண்டும். என் இரண்டு கையும் கீறல்தான். அவள் வந்து உட்கார்ந்து விரலில் தொட்டு நீட்டினால் நக்கும். எனக்குப் பொறாமையாக இருக்கும்.

"உங்க கை ரொம்ப அதட்டுது அக்கா. அதுக்குத் தெரியுது" என்று சிரிப்பாள்.

"ஆமா, உன் கை மட்டும் கொஞ்சுது. உன் வூட்டு நூல்தான்டி இதோட கொடல அறுத்துச்சி" என்றேன் ஒரு நாள். அவள் முகம் வாடவில்லை.

"தெரியும் அக்கா. பாகக்காய்க்கு நான்தான் கட்னேன்" என்றாள்.

தையலைக் கடித்துப் பிய்க்காமல் இருக்க, சேலைக்கரைத் துண்டில் அதற்கு ஒரு சட்டை தைத்துப் போட்டாள். ஜரிகைக் கரை போட்ட பூனை எங்கள் வீட்டில் வளைய வந்தது. எதிர்வீட்டுக்காரன் தினமும் வேலைக்கு நடுவே எழுந்துவந்து வாசலில் நின்று எட்டிப் பார்ப்பான். அது அசைந்தால் போவான். தூங்கிக்கொண்டிருந்தால், "எழுப்பு, எழுப்பு" என்பான். ஊசி நாளில் அவனும் நானும் என் வீட்டுக்காரரும் ஆஸ்பத்திரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்போம். ஒரு பேச்சு இருக்காது. நர்ஸ் எங்களை ஒரே குடும்பம் என்று நினைத்துக்கொண்டாள்.

ஒரு மத்தியானம் மீன் ஊட்டிக்கொண்டே அவள் சொன்னாள்: "ஊசி முடியறவரைக்கும் குடிக்கக் கூடாதுன்னு நர்சம்மா சொல்லிட்டாங்க அக்கா. குடிச்சா மருந்து ஏறாதாம். அதனால எங்க ஆளு சாயங்காலமே வூட்டுக்கு வந்துடுது. வந்து சொம்மா குந்திகினு கீது. கையில எதுவும் எடுக்கறதில்ல."

பூனை கிண்ணத்தை நக்கிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டில் பாத்திரம் விழுகிற சத்தமும், அதற்கப்புறம் அவள் சத்தமும் எங்கள் தெருவில் எந்த வீட்டுக்குத்தான் கேட்காது? அந்த நேரத்துக்கு எல்லார் வீட்டிலும் டிவி சத்தம் கூடும்.

"இது செத்துச்சுன்னா எங்க ஆளு பயத்துலயே போயி குடிச்சிடும். அதான் இதுக்கு நல்லா ஆவணும்னு நெனச்சிகினே வரேன்" என்றாள். "இன்னொண்ணு சொல்லட்டா. ஒடம்புல வலி இல்லாம தறியில குந்தனா, வேல எவ்ளோ ஜல்தி ஓடுது தெரியுமா அக்கா."

அவள் சொன்ன பிறகு எனக்குப் பூனைமேல் இருந்த பயம் வேறு மாதிரி ஆகிவிட்டது. அது தும்மினால்கூட டாக்டருக்குப் போன் போட்டேன். அவர் என் குரல் கேட்டாலே, "பேஜார் புடிச்ச பொம்பளை" என்று பக்கத்தில் யாரிடமோ சொல்வது கேட்கும். சொல்லிவிட்டுப் போகட்டும். பத்து நாள் போனது, பூனை சாகவில்லை. ஆனால் ஊசி இன்னும் பாக்கி இருந்தது. கடைசி ஊசிக்கு ஒரு மாதம் கழித்து வரச் சொல்லியிருந்தார்கள். அதுவரை அவனும் அடங்கித்தான் இருந்தான். தையல் ஆறி, பூனை தெருவுக்குப் போக ஆரம்பித்தது. எங்கள் வீட்டில் தின்னும், எதிர்வீட்டு வாசற்படியில் போய்ப் படுக்கும். அவ்வளவு செய்த எனக்கு ஒரு உரசல்கூடக் கிடையாது.

கடைசி ஊசியும் மூன்று பேரும் ஒன்றாகத்தான் போட்டுக்கொண்டோம். பஸ் நிலையம் பக்கம் வேலை இருக்கிறது என்று அவன் அங்கேயே இறங்கிக்கொண்டான். ஒயின்ஷாப்பும் அந்தப் பக்கம்தான்.

சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே திரும்பி வந்தான். தெருவின் அகலம் அவனுக்குப் போதவில்லை. வாசற்படியில் பூனை படுத்திருந்தது. அதை அவன் தேடிக்கூட வரவில்லை. காலில் தட்டுப்பட்டது, அவ்வளவுதான். ஒரு மாதமாக உயிரோடு இருக்கிறதா என்று எட்டிப் பார்த்த அதே பூனையை ஒரே எற்றில் தெருவுக்குத் தள்ளினான். அது உருண்டு எழுந்து எங்கள் வீட்டுக்குள் பாய்ந்து தறிக்குழிக்குள் போய் விழுந்தது. நான் குழிக்குள் குனிந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். தழும்பு பிரியவில்லை. அது என் கையைக் கடித்தது. அதற்குள் எதிர்வீட்டில் ஆரம்பமாகிவிட்டது.

"பூனைக்கு மீனு, எனக்கு இன்னாடி" என்று அவன் குரல். அப்புறம் கழி இறங்குகிற சத்தம். மூங்கில் உடம்பில் விழுந்தால் எப்படிக் கேட்கும் என்று எனக்குத் தெரியும்.

எங்கள் வீட்டுக் கழியை எடுத்துக்கொண்டு ஓடினேன். இன்றைக்கு இவனை இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்றுதான் போனேன். என் பின்னாலேயே பக்கத்து வீடுகளிலிருந்தும் வந்துவிட்டார்கள். வாசலைத் தாண்டி உள்ளே நுழைந்ததும் என் கை தன்னால் இறங்கிவிட்டது.

அவள் தறிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். நெற்றி பிளந்து ரத்தம் கண்ணோரம் இறங்கிக்கொண்டிருந்தது. கையில் கத்தரிக்கோல். ஓடுகிற பாவை ஒரு பிடி அள்ளி, அதில் வைத்து அறுத்தாள். இழுபட்டு நின்ற நூல் அறுந்த வேகத்தில் இரண்டு பக்கமும் சுருண்டு விழுந்தது. மறுபடி ஒரு பிடி.

எங்களில் யாரும் ஓடுகிற பாவில் இரும்பை வைப்பதில்லை. ஒரு இழை அறுந்தாலே எழுந்து பிணைத்துவிட்டுத்தான் தண்ணீர் குடிப்போம். எங்களுக்குள் எத்தனையோ சண்டை நடந்திருக்கிறது. மண்டை உடைந்திருக்கிறது, கை முறிந்திருக்கிறது. தறியைத் தொட்டவர் கிடையாது. அந்தப் பட்டு, நெய்யக் கொடுத்த முதலாளியுடையது, அதில் பாதிச் சேலை அவளே நெய்தது.

அவன் கழியைக் கீழே போட்டிருந்தான். போதை எங்கே போனதோ தெரியவில்லை. தறியை நெருங்கவும் பயந்து, இருந்த இடத்திலேயே மண்டிபோட்டுக் கையெடுத்துக் கும்பிட்டான். "வேணாமே. கைய எடுத்துடுமே. உன் கால்ல வேணா வுழறேன்" என்று வாய்விட்டு அழுதான். என் பின்னால் வாசலில் நின்றவர்களும், ஐயோ, ஐயோ, பாவு போச்சே என்று தலையில் அடித்துக்கொண்டார்கள். என் வாயிலிருந்தும் அதுவேதான் வந்தது. "ஐயோ, போதும்மா, நிறுத்தும்மா" என்றேன்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். குரலை உயர்த்தவில்லை.

"இந்த வூட்ட பாத்து இந்தத் தெருவே இன்னிக்குத்தான் அக்கா ஐயோன்னுது" என்றாள்.

பின்னால் இரண்டு ஆட்கள், "புடி, அவள புடி, கத்திரிய புடுங்கு" என்று என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே வரப் பார்த்தார்கள். நான் கழியை வாசலுக்குக் குறுக்கே வைத்து, நிலைப்படியில் முதுகை முட்டுக்கொடுத்துக்கொண்டேன். முதலில் கை வைத்தவன் விரலில் ஒன்று போட்டேன். அவள் கடைசிப் பிடியையும் அறுத்து முடிக்கிறவரை ஒருவரையும் உள்ளே விடவில்லை.